மின்னஞ்சல் இணைப்பின் தமிழ்ப் பெயர் சிதைகிறது: பைத்தான் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. ஆம்பூரில் காலணித் தொழிற்சாலை ஒன்றின் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். பைத்தான் நிரல்மொழியின் இமெயில் நூலகத்தைக் கொண்டு சம்பளச் சீட்டுகளை மின்னஞ்சல் கோப்புகளாக எழுதுகிறேன். மடலின் எளிய உரை, எச்டிஎம்எல் வடிவங்கள் இரண்டும் சரியாகத் திறக்கின்றன. பிடிஎஃப் இணைப்பின் தமிழ்ப் பெயர் மட்டும் பழைய செயலிகளில் சிதைகிறது.

மின்னஞ்சல் கோப்பைத் திறந்து பார்த்தேன். 'ச' என்ற ஓரெழுத்தே விழுக்காட்டுக் குறிகளோடு ஒன்பது எழுத்தாக நீள்கிறது. வரி 78 எழுத்தைத் தாண்டுவதால் பெயர் துண்டு துண்டாகப் பிரிகிறது. இது ஆர்எஃப்சி 2231 என்ற மின்னஞ்சல் தரநிலை சொல்லும் முறை, நூலகத்தின் பிழையல்ல.

பெயரை ஆர்எஃப்சி 2047 என்ற முந்தைய தரநிலையின் முறையில் எழுத வைக்க வழி உண்டா? ஆங்கிலப் பெயரே போதும் என்கிறார்கள். எனக்கு மனம் வரவில்லை. தோல் வெட்டும் அக்காக்கள் தங்கள் சீட்டைத் தாங்களே படித்துத் திறக்க வேண்டும். செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.