புதுப்பிப்பு: பாபிலோன் நதிப் பாட்டு போனி எம்முடையது அல்ல

போன வாரம் 'ரிவர்ஸ் ஆஃப் பாபிலோன்' ஜெர்மனியில் உருவான டிஸ்கோ குழுவான போனி எம்மின் சொந்தப் பாட்டு என்று எழுதியிருந்தேன். பிழை. திருத்திய எல்லோருக்கும் நன்றி, கேலி செய்தவர்களுக்கும்தான்.

முதலில் பாடியது ஜமைக்காவின் மெலோடியன்ஸ் குழு, 1970இல். எழுதியவர்கள் அக்குழுவின் ப்ரென்ட் டோவும் ட்ரெவர் மெக்நாட்டனும். 1976இல் அமெரிக்கப் பாடகி லிண்டா ரோன்ஸ்டாட் அதைப் பாடினார். போனி எம் வந்தது 1978இல்தான். பிரித்தானியாவில் முதலிடம் பிடித்ததும், நம் வீடுகளுக்குள் நுழைந்ததும் அந்தப் பதிவுதான்.

வெள்ளவத்தையில் சித்தப்பா வீட்டில் பழைய கசட் இன்னும் இருக்கிறது. நேற்று அதையும் ஜமைக்காப் பதிவையும் மாறி மாறிப் போட்டுக் கேட்டோம். மெலோடியன்ஸ் 'கிங் அல்ஃபாவின் பாடல்' என்கிறார்கள். ஜமைக்காவில் தோன்றிய ரஸ்தஃபாரி மதத்தாருக்கு அது அவர்கள் தெய்வமாகப் போற்றும் எத்தியோப்பியப் பேரரசர் ஹெய்லி செலாசியைக் குறிக்கும். போனி எம் அதை 'கர்த்தரின் பாடல்' ஆக்கிவிட்டது. ஒரு சொல்தான், ஆனால் பாட்டின் மதமே மாறிப்போகிறது!

சித்தி உடனே பைபிளை எடுத்து வந்தார். பாட்டின் வரிகள் வந்த சங்கீதம் 137: ஊரை விட்டுக் கொண்டுபோகப்பட்டவர்கள் ஆற்றங்கரையில் உட்கார்ந்து அழுகிறார்கள். "இதுக்கா நாங்கள் கல்யாண வீட்டில ஆடினது?" என்றார் சித்தப்பா. பிறகு இன்னொரு தரம் போடச் சொன்னார்.

'டாடி கூல்' பாட்டாவது போனி எம்மின் சொந்தமா என்று கேட்டவருக்கு: சரி, அது அவர்களுடையதுதான்.