புதுப்பிப்பு: மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் தோட்டக் குடும்பங்களை ஆய்வு செய்ய வழிகாட்டி தேடுவோருக்கு

பல்கலைக்கழக இணையதளத்தின் சமூகப்பணி விரிவுரையாளர் பக்கத்தில் உள்ள 'ஆய்வு ஆர்வம்' பட்டியலைப் பார்த்து வழிகாட்டியை, அதாவது ஆய்வை மேற்பார்க்கும் விரிவுரையாளரை, தேர்ந்தெடுக்கலாம் என்று முன்பு இங்கே எழுதியிருந்தேன். அது போதாது.

'குடும்ப நலன்', 'முதியோர்' என்பவை மிக அகலமான சொற்கள். பல ஆண்டு திருத்தாமலும் கிடக்கும். கடைசி 5 ஆண்டுக் கட்டுரைகள், நடத்தும் பாடங்கள், மேற்பார்த்த ஆய்வேடுகள் மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். கள ஆய்வு முறை கற்பிப்பவர் கிடைத்தால் தலைப்பு சற்று விலகினாலும் விடாதீர்கள். பினாங்கில் யுஎஸ்எம் (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்) 1975 முதல் சமூகப்பணி கற்பிக்கிறது. தேடலை அங்கே தொடங்கலாம்.

மின்னஞ்சலுடன் ஒரே பக்கத் திட்டம் போதும்: கேள்வி, யாரிடம், எத்தனை பேர், எந்த மொழியில்.

பலர் சறுக்குவது அனுமதியில். பல்கலைக்கழக ஆய்வு நெறிமுறைக் குழு ஒப்புதலுக்கு முன் எடுத்த நேர்காணலைப் பயன்படுத்த முடியாது. ஒப்புதல் படிவம் தமிழிலும் இருக்கட்டும். எழுத்து தெரியாதவருக்கு வாசித்துக் காட்டுங்கள். தோட்ட நிர்வாகம் தரும் கடிதம் தோட்டத்துக்குள் நுழையத்தான், தொழிலாளியின் சம்மதம் வேறு. கிராணியார் (தோட்ட எழுத்தர்) அறையில் பேட்டி வேண்டவே வேண்டாம், அங்கே சம்பளம் பற்றி யாரும் மனம் திறக்க மாட்டார்கள். அவர்கள் வேலை முடிந்து, குளித்துச் சாப்பிட்ட பிறகு, லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலில் உட்காருங்கள்.