வீட்டை விட்டுப் போகும் ஆட்டத்தில் அடுப்படித் தெய்வத்துக்கு என்ன வேலை?

தாயக்கட்டை:
ஆறு மாதமாகச் சனிக்கிழமை இரவுகளில் ஐந்து பேர் சேர்ந்து டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, பகடை உருட்டிக் கதை நடத்தும் ஆட்டம் ஆடுகிறோம். ஐந்தாம் பதிப்பு, 2014 விதிகள். நான் கிரேக்க அடுப்படித் தெய்வமான ஹெஸ்டியாவின் கிளெரிக், அதாவது மந்திரம் தெரிந்த பூசாரிப் பாத்திரம். கையேட்டின் பின்னிணைப்பில் அவளுக்குக் கிடைத்திருப்பது ஒரே ஒரு வரி: வீட்டுக்கும் குடும்பத்துக்கும் உரிய தேவி, லைஃப் டொமைன் (உயிர் காக்கும் மந்திரப் பிரிவு), சின்னம் அடுப்பு.

எங்கள் கதையோ முதல் நாளே வீட்டைப் பூட்டிவிட்டுப் புறப்பட்ட கதை. குகை, சதுப்பு நிலம், மறுபடியும் குகை. கூட்டாளிகள் என்னைச் "சமையல்காரரே" என்றுதான் கூப்பிடுகிறார்கள். அந்தப் பெயருக்காவது ஒரு நியாயம் வேண்டாமா? என் பாத்திரம் ஐந்தாம் நிலைக்கு வளர்ந்ததும் உணவு வரவழைக்கும் மந்திரம் கிடைத்தது. 45 பவுண்டு உணவு வருமாம். சுவையிருக்காது, வயிறு நிறையுமாம். விதிப்புத்தகமே அப்படிச் சொல்கிறது. அடுப்படித் தெய்வத்தின் பூசாரி கையால் உப்புச்சப்பில்லாத சோறு! இரவில் தங்குவதற்குக் கூடாரம்போல் எழும்பும் மந்திரமாவது எனக்கு உண்டா என்றால், அது மந்திரவாதியிடமும் பாணனிடமும் இருக்கிறது.

தெய்வத்தை மாற்றிக்கொள்ள, ஆட்டத்தை நடத்தும் டிஎம் சம்மதிக்கிறார். மாற்றிவிடலாமா?

பழைய_பகடை:
மாற்றிவிடுங்கள். ஹெஸ்டியாவுக்கு இருப்பதே ஒரு கதைதான். மதுத் தெய்வம் டயோனைசஸ் வந்ததும் தேவர் சபையில் எழுந்து இருக்கையை விட்டுக்கொடுத்துவிட்டு அடுப்போரம் போய் உட்கார்ந்துகொண்டாள். அதை வைத்து என்ன ஆட முடியும்? போர்த் தெய்வம் ஏரிஸைக் கும்பிட்டால் கோடரியாவது மிஞ்சும்.

நீறுபூத்தவன்:
மாற்றாதீர்கள்.

முதலில் பகடையாருக்கு. அந்த இருக்கைக் கதை பழைய கிரேக்க நூல் எதிலும் இல்லை. ஏதென்ஸின் பார்த்தெனன் கோயிலின் கிழக்குச் சிற்பவரிசையில் அமர்ந்திருக்கும் பன்னிருவரில் டயோனைசஸ் இருக்கிறார், ஹெஸ்டியா இல்லை; அதற்குக் காரணம் சொல்லப் பிற்காலத்தார் ஒட்டவைத்தது. அவளுக்கு உண்மையிலேயே இருக்கும் கதை வேறு. பெற்ற பிள்ளைகளையே விழுங்கிப் பிறகு கக்கிய தகப்பன் குரோனோஸ் முதலில் விழுங்கிய பிள்ளை அவள். கடைசியில் கக்கிய பிள்ளையும் அவள். ஆகவே வீட்டின் மூத்தவளும் அவளே, கடைக்குட்டியும் அவளே. பொசைடனும் அப்போலோவும் பெண் கேட்டு வந்து நின்றபோது, தேவர்களின் அரசன் சியூஸின் தலையைத் தொட்டுக் கன்னியாகவே இருப்பேன் என்று சத்தியம் செய்து இருவரையும் திருப்பி அனுப்பினாள். இதையா ஒதுங்கிப்போகும் குணம் என்கிறீர்கள்?

இனி உங்கள் சிக்கல். அவளை வீட்டுக்குள் மட்டுமே உட்காரவைத்தது கையேடு எழுதியவர்கள். கிரேக்கர்களுக்கு அவள் நெருப்பு, அதுவும் தூக்கிக்கொண்டு போகிற நெருப்பு. கடல் கடந்து புதிய ஊர் அமைக்கப் போனவர்கள் தாய்நகரத்தின் பொது அடுப்பிலிருந்து நெருப்பெடுத்துக்கொண்டு கப்பலேறினார்கள். ரஷ்யக் கிராமங்களிலும் வீடு மாறும்போது பழைய அடுப்பின் கங்குகளைச் சட்டியில் அள்ளிக்கொண்டு, "தாத்தா, எங்களோடு வாருங்கள்" என்று வீட்டுக் காவல் ஆவியான தொமவோயை அழைத்துப் போனார்கள். வீட்டை விட்டுப் போகிறவர்களுக்குத்தான் இந்தத் தெய்வம் முதலில் தேவைப்பட்டிருக்கிறது.

உங்கள் டிஎம்மிடம் பிளாட்டியா என்ற கிரேக்க ஊரின் கதையைச் சொல்லுங்கள். கி.மு. 479-இல் அங்கே கிரேக்கர்கள் பாரசீகப் படையை முறியடித்தபின், ஊர் நெருப்பெல்லாம் எதிரியால் தீட்டுப்பட்டுவிட்டது, அத்தனையையும் அணைத்துவிட்டு அப்போலோவின் கோயிலூரான டெல்ஃபியின் பொது அடுப்பிலிருந்து தூய நெருப்பு கொண்டுவந்த பிறகே பலியிட வேண்டும் என்று தெய்வவாக்கு வந்தது. வீடு வீடாக நெருப்பை அணைத்தார்கள். யூக்கிடாஸ் என்ற பிளாட்டியாக்காரன் ஓடினான். போக வர 1,000 ஸ்டேடியா, நம் கணக்கில் 180 கிலோமீட்டருக்குக் குறையாது. அன்றைக்கே பொழுது சாய்வதற்குள் திரும்பி, ஊராரை வணங்கி, நெருப்பைக் கையில் கொடுத்துவிட்டு விழுந்து செத்தான் என்று புளூட்டார்க் எழுதிவைத்திருக்கிறார். ஒரே நாளில் முடியுமா என்று நானும் நிலப்படத்தை விரித்துப் பார்த்தவன்தான். முடியாவிட்டால் போகட்டும். இருண்ட ஊர், ஒரு நெருப்பு, ஒரு நாள் கெடு. இதைவிட நல்ல சாகசம் எந்தக் குகையில் கிடைக்கும்?

என் மேசையில் நான் வைத்திருந்த ஏற்பாடு இது. அடுப்படித் தெய்வத்தின் கிளெரிக் ஊரிலிருந்து ஒரு கங்குச் சட்டி கொண்டுவர வேண்டும். பகலில் சாம்பல் மூடி, நீறு பூத்த நெருப்பாகவே இருக்கும். இரவில் அதிலிருந்து மூட்டுகிற தீ எங்கே எரிகிறதோ அதுதான் வீடு. அந்தத் தீயருகில் வந்து உட்கார்ந்தவனை, எதிரியானாலும், விடியும்வரை தொடக் கூடாது. இது நான் கற்பித்ததல்ல. ஏதென்ஸ்காரர்களிடமிருந்து தப்பி ஓடிய அவர்களுடைய பழைய தளபதி தெமிஸ்டோக்ளிஸ், தன்மேல் பகை கொண்டிருந்த மொலோசிய அரசன் வீட்டில் நுழைந்து, அவன் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அடுப்போரம் உட்கார்ந்துவிட்டான். அரசனால் அவனைக் காட்டிக்கொடுக்க முடியவில்லை.

சோற்றைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். 11-ஆம் நிலையில் வீரர் விருந்து மந்திரம் வரும். 12 பேர் ஒரு மணி நேரம் உட்கார்ந்து சாப்பிட்டால் ஒரு நாள் முழுக்க அச்சமும் நஞ்சும் அண்டாது. ஒவ்வொரு முறையும் 1,000 பொற்காசு மதிப்புள்ள கிண்ணம் ஒன்று தீர்ந்துபோகும் என்பதை மட்டும் கூட்டாளிகளிடம் இப்போதே சொல்லிவைத்துவிடுங்கள்.

தேக்கா_மல்லிகை:
சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். எங்கள் அடுக்குமாடியில் பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டி அடுப்புக்கு மேலே சமையலறைத் தெய்வத்தை வைத்திருக்கிறார். சீன ஆண்டு முடிய ஒரு வாரம் இருக்கும்போது அந்தத் தெய்வம் மேலுலகம் போய், அந்த வீட்டின் ஓராண்டு வரவுசெலவையெல்லாம் மேலுலகை ஆளும் ஜேட் பேரரசரிடம் ஒப்பிக்குமாம். அதனால் புறப்படுமுன் அதன் வாயில் தேன் தடவுகிறார்கள். இனிக்கப் பேசவா, வாய் ஒட்டிக்கொள்ளவா என்று கேட்டேன். "எதுவானாலும் சரி" என்றார் பாட்டி.

நான் சொல்ல வந்தது இதுதான்: துப்பு வேண்டுமென்றால் வில்லன் வீட்டு அடுப்பைக் கேளுங்கள். அது எல்லாவற்றையும் பார்த்திருக்கும். தேனுக்கு மேல் நீங்கள் என்ன கொடுப்பீர்கள் என்பதுதான் பேரம்.

தாயக்கட்டை:
மூவருக்கும் நன்றி. மாற்றவில்லை. நேற்று கங்குச் சட்டியோடு ஆடினோம். இரண்டு செய்திகள்.

ஒன்று: ஆட்டம் சூடேறி, "நான் நெருப்புச் சட்டியோடு எல்லோருக்கும் முன்னால் நடக்கிறேன்" என்று உரக்கச் சொல்லிவிட்டேன். அடுத்த அறையிலிருந்து அம்மா வந்து, "யாருக்கு முன்னால் எதைத் தூக்கிக்கொண்டு நடக்கிறாய்? விளக்கு வைத்த நேரத்தில் பேசுகிற பேச்சா இது?" என்றார். இனி பின்னால்தான் நடக்கப்போகிறேன்.

இரண்டு: ஆற்றைக் கடக்கும்போது மந்திரவாதி சறுக்கி என்மேல் விழுந்தார். சட்டி அணைந்துவிட்டது. அடுத்த ஊரில் யாரிடமாவது நெருப்பு வாங்கிக்கொள்ளலாமா?

நீறுபூத்தவன்:
கூடாது. பழைய ரோமில் ஹெஸ்டியாவுக்கு வெஸ்டா என்று பெயர்; அவள் கோயில் நெருப்பு அணைந்தால், காவலிருந்த கன்னிக்குத் தலைமைப் பூசாரி சவுக்கடி கொடுப்பார். பிறகு மங்கல மரத்தின் பலகையைத் தீப்பிடிக்கும்வரை கடைந்து, அந்தப் புது நெருப்பை வெண்கலச் சல்லடையில் ஏந்திக் கோயிலுக்குக் கொண்டுபோக வேண்டும். சவுக்கடியை மந்திரவாதிக்கு மாற்றிவிட டிஎம்மிடம் கேட்டுப்பாருங்கள். மரத்தை நீங்கள்தான் கடைய வேண்டும்.