பேசாத அப்பாவோடு ஒரே காரில் போனவர்கள் உண்டா?

ஜன்னலோரம்:
வருஷக்கணக்கில் பேச்சுவார்த்தை இல்லை. காரணமெல்லாம் எல்லா வீட்டிலும் இருப்பதுதான், விடுங்கள். உடம்பு முடியாத உறவினரைப் பார்க்க ஒரே காரில் போக வேண்டியதாகிவிட்டது. மலையிறக்கத்தில் நான் பிரேக்கிலேயே காலை வைத்துக்கொண்டு வர, கருகல் வாடை. "செகண்ட்ல போடு, எஞ்சினே பிடிச்சுக்கும்" என்றார். கிளம்பியதிலிருந்து அவர் வாயைத் திறந்ததே அப்போதுதான். போட்டேன், வண்டி உறுமிக்கொண்டே அடங்கியது. தற்செயலாகக் கீழே பார்த்தால், பிரேக்கே இல்லாத அவர் பக்கத்தில் வலது கால் மிதியடியை அழுத்திக்கொண்டிருக்கிறது, செருப்பு நுனி மடங்கும் அளவுக்கு. அக்கறையா, என் ஓட்டுதல் மேல் நம்பிக்கையில்லையா? இன்னும் குடைகிறது.

பின்சீட்டு:
எங்களுடையதில் அப்பாதான் ஓட்டினார். தூங்கிப்போய் விழித்துப் பார்த்தால் என் பக்கத்து ஏசி துவாரம் மேலே திருப்பியிருக்கிறது. சின்ன வயதில் எனக்குச் சைனஸ். ஞாபகம் வைத்திருக்கிறாரே என்று எனக்குக் கோபம்தான் வந்தது, ஏன் என்று கேட்காதீர்கள்.

ஸ்டெப்னி:
ஜன்னலோரம், அது அக்கறையும் இல்லை ஒன்றும் இல்லை, உயிர்பயம். இறக்கத்தில் பிரேக்கை விடாமல் மிதித்தால் டிஸ்க்கும் பேடும் சூடேறிப் பிடிப்பு குறையும், பிரேக் ஆயில் கொதித்துவிட்டால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும், அப்புறம் சமாதானம் பேச ஆளே இருக்க மாட்டீர்கள். பெரியவர்களோடு போகிறவர்கள் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவையாவது நிறுத்தி நடக்க விடுங்கள், காலை மடக்கியே உட்கார்ந்து வந்தால் கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறையும் அபாயம் உண்டு. டயர் காற்றைக் கிளம்பும் முன், டயர் சூடாவதற்குள் பாருங்கள், ஓடின பிறகு பார்த்தால் அளவு கூடுதலாகக் காட்டும். என் கதை சின்னது. வழியில் பஞ்சர். நட்டைக் குறுக்காக மாற்றி மாற்றி முடுக்க வேண்டும் என்று நான், வரிசையாகவே முடுக்கலாம் என்று அவர். அத்தனை வருஷத்துக்குப் பிறகு நாங்கள் போட்ட முதல் சண்டை.

ஜன்னலோரம்:
உயிர்பயம் என்றால் "நிறுத்து" என்று கத்தியிருப்பார். நீங்கள் அங்கே இல்லை.

பின்சீட்டு:
ஸ்டெப்னி, குறுக்காகத்தான் முடுக்க வேண்டும், இல்லாவிட்டால் சக்கரம் சமமாக உட்காராது. அது கிடக்கட்டும், அதற்கப்புறம் பேசினீர்களா இல்லையா? அதை விட்டுவிட்டு டயர் காற்றைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள்.

ஸ்டெப்னி:
பேசுகிறோம். நட்டு விஷயத்தை மட்டும் இன்றுவரை ஒத்துக்கொள்ளவில்லை.