உஸ்தெத் ஏவலைச் சப்ஜங்டிவுக்கு வாசலாக வைக்கலாமா?

ஒற்றைப்பனை:
ஸ்பானிய வகுப்புகளில் மரியாதை ஏவலை ('உஸ்தெத்', அதாவது 'நீங்கள்', என்று அழைப்பவரிடம் சொல்லும் ஏவலை) முதலில் நடத்திவிட்டு, சில மாதங்கள் கழித்து சப்ஜங்டிவ் (விருப்பம், ஐயம் போன்றவற்றைச் சொல்லும் வினை வடிவம்) என்ற தலைப்பில் அதே வடிவங்களைப் புதியவை போலக் கொண்டுவருவது வீண் வேலை என்பது என் கருத்து. 'ஆப்லோ' (பேசுகிறேன்) என்பதன் ஈற்று ஓகாரத்தை நீக்கி ஏகாரம் சேர்த்தால் 'ஆப்லே', அதாவது பேசுங்கள். 'கோமோ' (சாப்பிடுகிறேன்) 'கோமா' ஆகிறது. 'எஸ்கிரிபோ' (எழுதுகிறேன்) 'எஸ்கிரிபா' ஆகிறது. அகராதி வடிவம் 'ஆப்லார்' போல 'ஆர்' என முடியும் வினைக்கு ஏ; 'எர்', 'இர்' என முடியும் வினைகளுக்கு ஆ; பலரை நோக்கிச் சொன்னால் கடைசியில் ஒரு னகர மெய். ஒழுங்கான வினைகளுக்கு இவ்வளவுதான் கணக்கு. 'நீங்கள் பேச வேண்டுமென விரும்புகிறேன்' என்பதும் 'கியெரோ கே உஸ்தெத் ஆப்லே' என்றே வருவதால், இதுதான் சப்ஜங்டிவ் என்று முதல் நாளே சொல்லிவிடலாமே.

நெய்தல்:
வடிவம் ஒன்றே என்பதை நான் மறுக்கவில்லை, ஆனால் ஏவலாக அறிமுகமான சொல் மாணவர் மனத்தில் ஏவலாகவே உறைந்துவிடுகிறது. 'துதோ கே ஆப்லே' என்றால் அவர் பேசுவாரா என்பது ஐயமே என்று பொருள். என் வகுப்பில் ஒருவர் அதை 'சந்தேகமாக இருக்கிறது, பேசுங்கள்' என்று மொழிபெயர்த்தார். மேலும், ஏவல் எல்லாமே சப்ஜங்டிவ் அன்று: 'தூ' என்று நெருக்கமாக அழைப்பவரிடம் சொல்லும் 'ஆப்லா' (பேசு), 'அவர் பேசுகிறார்' என்பதற்கான சொல்லேதான்.

மரப்பாச்சி:
நம்மிடம் வியங்கோள் இருப்பதை இருவரும் மறந்துவிட்டீர்கள். ஏவல், வாழ்த்து, வேண்டுகோள், வைதல் அனைத்துக்கும் 'க' என்ற ஒரே ஈறு போதுமானதாக இருக்கிறது. மெக்சிகோவில் ஆண்டுதோறும் செப்டம்பர் 15 இரவு குடியரசுத் தலைவர் மாளிகை மாடத்தில் நின்று முழங்கும் 'வீவா மெஹிகோ', 'விவிர்' (வாழ்) என்ற ஒழுங்கான வினையின் சப்ஜங்டிவ்தான்; தமிழில் 'வாழ்க'. 'உஸ்தெத்' என்ற சொல்லே 'வுவெஸ்த்ரா மெர்செத்', ஏறத்தாழ 'தங்கள் அருள்', என்ற படர்க்கை மரியாதைத் தொடர் தேய்ந்து வந்தது என்பதால், 'ஆப்லே' என்பது அடிப்படையில் 'தாங்கள் பேசுக' என்பதேயாகும்.

நெய்தல்:
அழகான ஒப்பீடுதான், ஆனால் பாதி வழியில் நின்றுவிடுகிறது. 'அவர் பேசுக என விரும்புகிறேன்' என்று நாம் எழுதுவதில்லை. 'அவர் பேச வேண்டும்' என்று எச்சத்தைக் கொண்டே சமாளிக்கிறோம். ஸ்பானியத்திலோ விரும்புபவரும் பேசுபவரும் ஒருவரானால் 'கியெரோ ஆப்லார்' (பேச விரும்புகிறேன்), வேறுவேறானால் 'கே' என்ற இணைப்புச் சொல் வந்து சப்ஜங்டிவ் தேவைப்படுகிறது. எழுவாய் மாறுகிறதா என்று பார்க்கும் இந்தப் பழக்கத்தை எத்தனை ஏவல்களை மனப்பாடம் செய்தாலும் பெற முடியாது.

ஒற்றைப்பனை:
அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் ஸ்பெயினில் கதவுக்குக் கதவு 'எம்பூஹே' (தள்ளுங்கள்), 'தீரே' (இழுங்கள்) என்று எழுதியிருக்கும்போது (மெக்சிகோவில் இழுப்பதற்கு 'ஹாலே'), கண்ணில் படும் சொல்லை விட்டு இலக்கணத் தலைப்புக்காகக் காத்திருக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உங்கள் ஆட்சேபத்துக்கும் இடம்விட்டு ஒரு மாற்று சொல்கிறேன்: எதிர்மறை ஏவலில் தொடங்குவோம். 'தூ'வுக்குக் கூட அங்கே 'நோ ஆப்லெஸ்' (பேசாதே) என்று சப்ஜங்டிவே வருகிறது. 'எஸ்கிரிபாலோ' (அதை எழுதுங்கள்) என்பதில் வினையின் பின்னால் ஒட்டிக்கொள்ளும் 'லோ', 'நோ லோ எஸ்கிரிபா' (அதை எழுதாதீர்கள்) என்பதில் முன்னால் தனியாக நிற்கிறது. 'கியெரோ கே லோ எஸ்கிரிபா' (நீங்கள் அதை எழுத வேண்டுமென விரும்புகிறேன்) என்ற வாக்கியத்திலும் அது அதே இடத்தில்தான் நிற்கிறது.

நெய்தல்:
இந்த வரிசையை நான் யோசித்ததில்லை. அடுத்த வகுப்பில் முயன்று பார்க்கிறேன். அதோடு அழுத்தத்தையும் முதல் நாளிலேயே காதில் ஏற்றிவிடுங்கள். 'பாகே' என்பதில் முதல் அசையை அழுத்தினால் 'பணம் கட்டுங்கள்', கடைசி அசையை அழுத்தினால் 'நான் கட்டிவிட்டேன்'. தமிழ் நாக்குக்கு இரண்டும் ஒன்றாகவே வருகின்றன. கடைக்காரரிடம் 'கட்டிவிட்டேன்' என்று சொல்வதாக நினைத்துக்கொண்டு, அவரையே பணம் கட்டச் சொல்லிவிட்டு நான் விழித்தபடி நின்றிருக்கிறேன்.