எல்லா டிபார்ட்மென்ட் பசங்களும் சேரலாம்னு ஒரு காட்டு ஃபீல்டு கோர்ஸ்: எங்கேர்ந்து பிளான் பண்றது?

ஈரமண்:

வணக்கம் எல்லாருக்கும். காலேஜ்ல சுற்றுச்சூழல் பாடம் எடுக்கறேன். காட்டுக்குள்ள போய் தங்கிப் படிக்கிற மாதிரி ஒரு கோர்ஸ் வேணும்னு ரொம்ப நாளா கேட்டுட்டு இருந்தேன், இப்ப நிர்வாகம் தலையாட்டிட்டாங்க. ஆனா ஒரு கண்டிஷன், எந்தத் துறைப் பசங்க வேணா சேரலாம்னு இருக்கணும். காமர்ஸ், வரலாறு, கம்ப்யூட்டர், யாரா இருந்தாலும்.

உயிரியல் பசங்கள மட்டும் கூட்டிட்டுப் போறதுன்னா எனக்குக் கை வந்த வேலை. இது வேற. பாதிப் பேருக்கு ஒரு செடி பேர் தெரியாது, சில பேரு டென்ட்டையே பாத்திருக்க மாட்டாங்க, ஒருத்தருக்கு முட்டி வலி இருக்கலாம், ஒருத்தருக்கு ஆஸ்துமா இருக்கலாம். கூட வேலை பாக்குறவர் ஒருத்தர் "முதல்ல ஃபிட்னஸ் டெஸ்ட் வெச்சு வடிகட்டு"ங்கறாரு. வடிகட்டிட்டு அப்புறம் எப்படிங்க எல்லாருக்கும்னு போர்டு வைக்கிறது? இந்த மாதிரி நடத்தினவங்க, போய்ட்டு வந்தவங்க யாராச்சும் சொல்லுங்க. எதுல ஆரம்பிக்கணும்னே பிடிபடல.

தவளைக்குரல்:

நல்ல வேலை எடுத்திருக்கீங்க, வாழ்த்துகள்.

முதல்ல கேள்வி, அப்புறம் இடம், கடைசியா வழி. இந்த வரிசை மாறினா எல்லாம் கெட்டுப்போகும். நிறைய பேர் என்ன பண்றாங்கன்னா எங்கயோ ஒரு சிகரத்தோட போட்டோவைப் பாத்துட்டு அங்க போறதுன்னு முடிவு பண்ணிடறாங்க, அப்புறம் அங்க போய் என்ன படிக்கலாம்னு யோசிக்கிறாங்க, கடைசில மூச்சு வாங்க ஏறி இறங்கினதுதான் மிச்சம், நோட்டுல நாலு வரி கூட இருக்காது.

சின்னக் கேள்வியா எடுங்க. ஓடையிலருந்து தள்ளிப் போகப் போக செடிங்க எப்படி மாறுது? அவ்ளோதான். ஓடைக்கரைலருந்து மேட்டுப்பக்கமா ஒரு கயிறு நேரா கட்டி, குறிப்பிட்ட தூரத்துக்கு ஒருதடவை ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சதுரம் போட்டு, உள்ள என்னென்ன இருக்குன்னு எண்ணணும். நாலு குச்சி, கொஞ்சம் கயிறு போதும். பேர் தெரியலைன்னா "செடி 1, செடி 2"ன்னு போட்டு இலையோட ஓரம் எப்படி, அடியில ரோமம் இருக்கா, கிள்ளினா பால் வருதான்னு வரைஞ்சு எழுதச் சொல்லுங்க (கிள்ளறதுக்கும் அனுமதி இருக்கான்னு பாத்துக்கோங்க). என் அனுபவத்துல பேர் தெரியாதவங்கதான் நல்லா பாப்பாங்க. தெரிஞ்சவன் பேரை எழுதிட்டு அடுத்ததுக்குப் போய்டுவான்.

வரலாறு படிக்கிற பிள்ளை பழைய நில வரைபடத்தை எடுத்துட்டு வந்து "இங்க ஒரு காலத்துல வெட்டியிருக்காங்க மேடம், மரமெல்லாம் ஒரே வயசா இருக்கு பாருங்க"ன்னு சொல்றப்பதான் இந்தக் கோர்ஸ் எதுக்குன்னு உங்களுக்கே புரியும்.

ஃபிட்னஸ் டெஸ்ட் வேண்டாம். அதுக்குப் பதிலா ஒவ்வொரு நாளும் என்ன நடக்கும்னு ஒளிக்காம எழுதிக் கொடுங்க. எவ்ளோ தூரம், எவ்ளோ ஏத்தம், தரை கல்லா சேறா, முதுகுல எத்தனை கிலோ, கழிப்பறை எப்படி. படிச்சுப் பாத்துட்டு அவங்கவங்க உடம்பைப் பத்தி அவங்களே சொல்லுவாங்க, நம்மளவிட அவங்களுக்கு நல்லா தெரியும். வண்டி போற இடத்துல ஒரே பேஸ் கேம்ப் போடுங்க, அளக்கற இடம் அங்கருந்து பக்கத்துல இருக்கட்டும். பறவைக் கணக்கெடுப்புல பாயின்ட் கவுன்ட்னு ஒண்ணு இருக்கு, ஒரே இடத்துல அஞ்சு நிமிஷமோ பத்து நிமிஷமோ அசையாம இருந்து கண்ணுல காதுல பட்டதையெல்லாம் எழுதறது. நடக்க முடியாதவருக்காகக் கண்டுபிடிச்ச வேலை இல்ல அது, ஆராய்ச்சிக்காரங்களே அப்படித்தான் பண்றாங்க.

நடக்கிற நேரத்துக்கு ஒரு கணக்கு: 1892ல நெய்ஸ்மித்னு ஒரு ஸ்காட்லாந்து மலையேறி சொன்னது, தட்டையா மணிக்கு 5 கிலோமீட்டர், அதோட ஒவ்வொரு 600 மீட்டர் ஏத்தத்துக்கும் ஒரு மணி நேரம் கூட்டிக்கணும். 6 கிலோமீட்டர், 600 மீட்டர் ஏத்தம்னா ரெண்டு மணி பன்னிரண்டு நிமிஷம் வரும். அது பழகின ஆளோட கால். மூட்டையோட, நின்னு நின்னு பாக்குற கூட்டத்துக்கு அதை அப்படியே ரெட்டிப்பாக்கிக்கோங்க, அப்பவும் மதியச் சாப்பாடு லேட்டாத்தான் ஆகும்.

கயிறும்முடிச்சும்:

மேல மேடம் சொன்னது படிப்பு சைடு. நான் பாதுகாப்பு சைடு சொல்றேன், கொஞ்சம் நீளமா இருக்கும்.

அனுமதிலருந்து ஆரம்பிங்க. பாதுகாக்கப்பட்ட காடுன்னா உள்ள போக ஒரு அனுமதி, ஆய்வு பண்ண ஒரு அனுமதி, இலை பூச்சி எதாச்சும் எடுத்துட்டு வரணும்னா இன்னொரு அனுமதின்னு பெரும்பாலும் தனித்தனியாத்தான் இருக்கும். மாசக்கணக்குல இழுக்கும். அது கைக்கு வராம பசங்ககிட்ட தேதி சொல்லாதீங்க.

கூட வர்ற பொறுப்பாளர் குறைஞ்சது ரெண்டு பேர், மூணுன்னா நிம்மதி. ஏன்னா ஒருத்தர் அடிபட்டவரோட ஆஸ்பத்திரிக்குப் போனா மிச்சப் பேரோட யார் இருக்கறது? அவங்க வில்டர்னஸ் (காட்டுப்பகுதி) முதலுதவி பயிற்சி எடுத்திருக்கணும், சாதா முதலுதவி ஆம்புலன்ஸ் சீக்கிரம் வந்துடும்ங்கற நம்பிக்கைல சொல்லித் தர்றது. அடிப்படைக் கோர்ஸ் 16 மணி நேரம், ரெஸ்பான்டர்னு சொல்ற பெரிய கோர்ஸ் 70லருந்து 80 மணி நேரம். ஒருத்தராச்சும் பெருசு முடிச்சவரா இருக்கட்டும்.

உடல்நல ஃபார்ம் வாங்குறீங்க இல்லையா, சீட் கொடுத்த பிறகு வாங்குங்க. முன்னாடியே கேட்டா இதை வெச்சுத்தான் கழிச்சுக் கட்டுவாங்கன்னு பயந்து ஆஸ்துமாவ மறைச்சிடுவாங்க, அதைவிட ஆபத்து வேற இல்ல. இன்ஹேலரோ கடும் அலர்ஜிக்குப் போடற அட்ரினலின் ஊசியோ தேவைப்படுறவங்க ரெண்டு செட் கொண்டு வரணும், ஒண்ணு அவங்ககிட்ட, ஒண்ணு பொறுப்பாளர் பையில.

போன் சிக்னல் எங்க நிக்குது, கடைசி வண்டிப் பாதை எது, அங்கருந்து ஆஸ்பத்திரிக்கு எவ்ளோ நேரம், இதெல்லாம் மேப்ல பாக்காம நேர்ல போய்ப் பாருங்க. போன்ல இருக்கிற ஜிபிஎஸ் சிக்னல் இல்லாமயும் வேலை செய்யும், மேப்பை முன்னாடியே டவுன்லோட் பண்ணி ஏரோபிளேன் மோட்ல போட்டா பேட்டரியும் நிக்கும். அதோட ஒரு சாட்டிலைட் கருவி கட்டாயம், நீங்க போற நாட்டுல அதுக்கு அனுமதி உண்டான்னு மட்டும் முன்னாடியே விசாரிச்சுக்கோங்க. 406 மெகாஹெர்ட்ஸ் பீக்கன்னு ஒண்ணு இருக்கு, அமுக்கினா ஆபத்துங்கறதும் யாரு எங்கங்கறதும்தான் போகும், என்ன ஆச்சுன்னு சொல்ல முடியாது. ரெண்டு பக்கமும் மெசேஜ் போற வகை நல்லது, "கணுக்கால் உடைஞ்சிருக்கு, நினைவு இருக்கு, மூச்சு சீரா இருக்கு"ன்னு சொல்ல முடியும், வர்றவங்க அதுக்கேத்த மாதிரி வருவாங்க.

எல்லாரும் பாம்பைப் பத்தித்தான் கேப்பாங்க. அறுக்காதீங்க, உறிஞ்சாதீங்க, இறுக்கிக் கட்டாதீங்க, ஆளை அசையவிடாம ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. ஆனா நிஜத்துல கோர்ஸைக் கவுக்கிறது பாம்பு இல்ல, வயித்துப்போக்கும் கொப்புளமும்தான். தண்ணிய நல்லா கொதிக்க ஆரம்பிச்ச பிறகு ஒரு நிமிஷம் வைங்க, 2000 மீட்டருக்கு மேலன்னா மூணு நிமிஷம். சாப்பாட்டுக்கு முன்னாடி சோப்பு போட்டுக் கை கழுவணும், சானிடைசர் மட்டும் போதாது, சில வயித்துப்போக்கு வைரஸ் அதுக்கு அசையாது. இடி கேட்டா வேலையை நிறுத்தி பாதுகாப்பான இடத்துக்கு வந்துடணும், கடைசி இடி கேட்டு 30 நிமிஷம் ஆகாம திரும்ப வெளிய போகக்கூடாது. 3000 மீட்டரைத் தாண்டித் தங்கறதா இருந்தா ராத்திரிக்கு ராத்திரி தூங்குற உயரத்தை 500 மீட்டருக்கு மேல ஏத்தாதீங்க, ஆனா முதல் வருஷமே அங்கெல்லாம் எதுக்கு?

பென்சில்முனை:

நான் காமர்ஸ், இந்த மாதிரி ஒரு கோர்ஸுக்குப் போயிட்டு வந்தவன், பசங்க சைடுலருந்து சொல்றேன் அண்ணே/அக்கா.

என்னை மாதிரி ஆளுங்க பேர் கொடுக்காததுக்கு முதல் காரணம் பயம் இல்ல, பொருள். லிஸ்ட்ல ட்ரெக்கிங் ஷூ, ஸ்லீப்பிங் பேக், ரெயின் ஜாக்கெட்னு பாத்ததும் இது நமக்கில்லன்னு பக்கத்தை மூடிடுவோம். காலேஜே வாங்கி வெச்சு இரவல் கொடுத்தா பாதிப் பிரச்சினை முடிஞ்சுது. அதுவும் "வசதி இல்லாதவங்க வந்து கேளுங்க"ன்னு சொல்லாதீங்க, யாரும் கேக்க மாட்டாங்க. எல்லாருக்கும் கொடுத்துட்டு சொந்தமா வெச்சிருக்கவன் திருப்பிக் கொடுக்கட்டும். ஷூ மட்டும் முன்னாடியே கொடுத்துடுங்க, போட்டுப் பழகாத ஷூவோட நடந்தா மொத நாளே குதிகால் போயிடும்.

ரெண்டாவது, கழிப்பறை. எங்க மேடம் முதல் மீட்டிங்லயே ஆண் பெண் எல்லாரையும் உக்கார வெச்சுக் கூச்சமே இல்லாம சொல்லிட்டாங்க: தண்ணிலருந்து 60 மீட்டராச்சும் தள்ளி, 15லருந்து 20 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குழி, முடிச்சு மண்ணு மூடணும், மண்வாரி எப்பவும் இந்த மரத்துகிட்ட இருக்கும், மண்வாரி இல்லைன்னா யாரோ போயிருக்காங்கன்னு அர்த்தம். மாதவிடாய்க்கு என்ன எடுத்து வரணும், பயன்படுத்தினதைப் புதைக்காம எந்தப் பையில கட்டித் திருப்பிக் கொண்டு வரணும்னும் அதே மூச்சுல சொன்னாங்க. அதுக்கப்புறம் யாருமே அதைப் பத்தி சிரிக்கல, கேக்கவும் பயப்படல.

மூணாவது, ஒரு ராத்திரி காலேஜ் மைதானத்துலயே டென்ட் போட்டுத் தூங்க வைங்க.

எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கறது மலை இல்ல, ஒரு மக்கின மரக்கட்டை. ஒரு மணி நேரம் அதை மட்டும் பாருன்னு விட்டுட்டாங்க. கால்மணி நேரம் செம போர். அப்புறம் பாத்தா பட்டையோட விளிம்புல குண்டூசித் தலை அளவுக்கு ஒரு காளான் வரிசை, அதுக்கடியில என்னவோ சின்னதா ஒரு பூச்சி தொட்டதும் துள்ளி காணாமப்போச்சு, ஈரம் இருக்கற பக்கம் பாசி, காஞ்ச பக்கம் பாசியே இல்ல. ரெண்டு பக்கமும் முழுசா எழுதி நோட்டு பத்தல.

உச்சிமலை:

மன்னிக்கணும், நான் கொஞ்சம் எதிர்க் கருத்து. வண்டி போற இடத்துல கேம்ப், பக்கத்துலயே கயிறு கட்டி அளக்கறது, இதெல்லாம் நல்லாத்தான் இருக்கு, ஆனா அதுக்குப் பேர் காட்டுக் கோர்ஸா? பசங்க கொஞ்சம் கஷ்டப்படணும் சார், மழையில நனையணும், வழி தப்பி மேப்பைப் பாத்துக் கண்டுபிடிக்கணும். எல்லாத்தையும் மெத்தையாக்கிட்டா பூங்காவுல பாய் விரிச்சு உக்காந்துட்டு வரலாமே.

தவளைக்குரல்:

உச்சிமலை சார், கஷ்டம் வேண்டாம்னு நான் சொல்லல. விடியறதுக்கு முன்னாடி எந்திரிச்சு குளிர்ல அசையாம நின்னு பறவை கேக்கறது கஷ்டம் இல்லையா? அதே சதுரத்தை மூணு பேர் எண்ணி மூணு எண்ணிக்கை வந்தா எது சரின்னு திரும்ப மண்டி போட்டு எண்ணறது? படிப்புக்கான கஷ்டம் எவ்ளோ வேணா கொடுங்க. மேடு ஏற முடியாதவன் படிக்கவே லாயக்கில்லன்னு ஆக்குற கஷ்டம்தான் வேண்டாங்கறேன். விருப்பப்படுறவங்களுக்கு ஒரு நாள் மேல ஏறிப் போற நடை வெச்சுக்கலாம், மார்க் கிடையாதுன்னு முன்னாடியே சொல்லிட்டு.

உச்சிமலை:

சரி, மார்க் இல்லாத நடைன்னா ஒத்துக்கறேன். மேப் திசைகாட்டி மட்டும் எல்லாருக்கும் கத்துக் கொடுத்துடுங்க, அதுக்கு மலை தேவையில்ல.

ஈரமண்:

இவ்ளோ விரிவா வரும்னு எதிர்பாக்கல, எல்லாருக்கும் நன்றி. ஃபிட்னஸ் டெஸ்ட் கதையை இன்னைக்கே முடிச்சிடறேன். மார்க்னு பேச்சு வந்ததால கேக்கறேன், உயிரியல் பையனுக்கும் காமர்ஸ் பையனுக்கும் ஒரே அளவுகோல்ல எப்படிப் போடறது?

நிழல்பாதை:

ஃபீல்டு நோட்டுக்குப் போடுங்க, இனம் கண்டுபிடிக்கற திறமைக்குப் போடாதீங்க. அமெரிக்காவுல பெர்க்லி பல்கலைக்கழக விலங்கியல் மியூசியத்துக்கு 1908ல முதல் இயக்குநரா வந்த ஜோசஃப் கிரின்னெல் ஒரு முறை வெச்சிருந்தார், தேதி, இடம், வானிலை, வழி, பாத்தது எல்லாம் அன்னைக்கே அங்கயே எழுதணும். இதோட உண்மையான மதிப்பு நூறு வருஷம் கழிச்சுத்தான் தெரியலாம்னு அவரே எழுதினார். நிஜமாவே 2003லருந்து அங்க கலிஃபோர்னியாவுல யோசெமிட்டி தேசியப் பூங்காவுல அதே இடங்களுக்கு நோட்டை வெச்சுட்டுத் திரும்பப் போய் எந்த விலங்கு எவ்ளோ மேல நகந்திருக்குன்னு பாத்தாங்க. அந்த நோட்டு இன்னொருத்தருக்குப் புரியணும், அதே இடத்துக்குத் திரும்பப் போக முடியணும், பாத்ததும் யூகிச்சதும் தனித்தனியா இருக்கணும். இதை எந்தத் துறைப் பையனும் செய்யலாம். பென்சில் கொடுங்க, பேனா மை மழையில கரையும்.

இன்னும் யாரும் தொடாத விஷயம் ஒண்ணு. 2014ல ஃபீல்டு வேலை செய்யறவங்க 666 பேர்கிட்ட கேட்ட ஒரு ஆய்வு வந்துச்சு, அதுல 64 சதவீதம் பேர் களத்துல பாலியல் ரீதியான தகாத பேச்சுக்கு ஆளாயிருக்கோம்னு சொன்னாங்க, 20 சதவீதத்துக்கும் மேல உடல்ரீதியான பாலியல் தொல்லை நடந்ததா சொன்னாங்க. முன்வந்து பதில் சொன்னவங்களோட கணக்குதான், ஆனாலும் ஒதுக்க முடியாது. அதனால கிளம்பறதுக்கு முன்னாடியே எழுத்துல விதி வேணும், யார்கிட்ட சொல்லணும்னு ரெண்டு பேர் பேர் வேணும், அதுல ஒருத்தர் கேம்ப்ல இல்லாதவரா, காலேஜ்ல இருக்கறவரா இருக்கணும். அந்த சாட்டிலைட் கருவில அவருக்கு மெசேஜ் போற மாதிரி வெச்சுடுங்க, பொறுப்பாளர் அனுமதி கேட்டுத்தான் தொடணும்னு வெச்சா அந்தப் பொறுப்பாளர்தான் பிரச்சினைன்னா என்ன பண்றது?

அரிய செடி, ஊர்வன எதாச்சும் பாத்தா சரியான இடத்தை சோஷியல் மீடியால போட வேண்டாம்னும் சொல்லி வைங்க, அதைப் பாத்துட்டுப் புடுங்கிட்டுப் போறவங்க இருக்காங்க. பாத்த உயிரினங்களைப் பதிவு பண்ற ஐநேச்சுரலிஸ்ட் ஆப்ல அழியும் நிலைல இருக்கற பல இனங்களுக்கு இடத்தை அதுவே மங்கலாக்கிடும், மத்த எல்லா ஆப்லயும் அப்படி இருக்கும்னு நம்ப முடியாது.

ஈரமண்:

அந்த ரெண்டு பேர் விஷயம் எனக்குத் தோணவே இல்ல, நாளைக்கே நிர்வாகத்துல பேசறேன். நோட்டுக்கு மார்க்ங்கறது பிரமாதம். முதல்ல அனுமதிக்கு எழுதிப் போடறேன், அது நகர்ற வேகத்தைப் பாத்துட்டு மிச்சம்.

கயிறும்முடிச்சும்:

எழுதிப் போடறப்ப எத்தனை பேர், எத்தனை ராத்திரி, எந்த இடத்துல குச்சி நடுவீங்க, முடிச்சதும் பிடுங்கிடுவீங்களான்னு எல்லாம் போட்டுடுங்க, இல்லைன்னா கேள்வி கேட்டுத் திருப்பி அனுப்புவாங்க, அதுல ஒரு மாசம் போகும். போற மாசம் மழையா வறட்சியான்னு இங்க சொல்லுங்க, அதுக்கேத்த மாதிரி சாமான் லிஸ்ட் போட்டுத் தரேன்.