அந்தச் செங்கல் சுவரைக் காட்சிக்கு வைத்தது சரியா?

தெற்குவாசல்: போன மாதம் லாஸ் வேகஸில் மாப் மியூசியத்துக்கு, அதாவது அமெரிக்கக் குற்றக் கும்பல்களின் வரலாற்றைச் சொல்லும் அருங்காட்சியகத்துக்குப் போனேன், மனசு கனத்துத்தான் வெளியே வந்தேன். 1929 பிப்ரவரி 14 அன்று சிகாகோவில் கும்பல் பகையில் ஒரு கராஜில் ஏழு பேரைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டார்களே, அந்தச் சுவரின் செங்கற்களை வாங்கி அடுக்கி வைத்திருக்கிறார்கள். குண்டு பட்ட இடங்களில் சிவப்புச் சாயம். அதன் முன்னால் ஒரு குடும்பம் சிரித்தபடி செல்ஃபி எடுத்தது. மியூசியத்தைத் திறந்ததும் அதே தேதியில்தான், 2012இல். அவர்கள் செத்த நாளா திறப்பு விழாவுக்குக் கிடைத்தது?

கீரன்77: செல்ஃபி எடுத்தவர்கள் மேல் உள்ள கோபத்தை மியூசியம் மேல் காட்டுகிறீர்கள் அண்ணா. அந்தக் கட்டடம் 1933இல் திறந்த தபால் நிலையமும் நீதிமன்றமும். 1950 நவம்பர் 15 அன்று கும்பல் குற்றங்களை விசாரித்த அமெரிக்க செனட்டர் கெஃபாவரின் குழு அங்கேதான் விசாரணை நடத்தியது. 14 நகரங்களுக்குப் போய், இந்தக் கும்பல்கள் ஊர் தாண்டிக் கைகோத்து இயங்குவதை நாட்டுக்கே காட்டிய குழு அது. அந்த அறையைப் பழையபடி சீரமைத்திருக்கிறார்கள். அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே நீங்கள்?

தெற்குவாசல்: அந்த அறையிலும் உட்கார்ந்தேன் தம்பி, நல்ல அறை, மறுக்கவில்லை. ஆனால் அங்கே நாலைந்து பேர்தான், கூட்டமெல்லாம் சுவர் முன்னால். 1957இல் நியூயார்க் கும்பல் தலைவர் ஆல்பர்ட் அனஸ்டேசியாவைச் சுட்டபோது அவர் உட்கார்ந்திருந்த சலூன் நாற்காலி, கீழ்த்தளத்தில் மதுவிலக்குக் கால பாணியில் ஒரு பார், இதெல்லாம் எதற்கு? கும்பல்காரர்களுக்காக வாதாடிய வக்கீல் ஆஸ்கர் குட்மேன் மேயரான பிறகு முன்னெடுத்த மியூசியம் இது என்பதையும் மறக்க வேண்டாம்.

மழைக்காகிதம்: குட்மேன் பற்றிச் சொன்னது பாதிதான். லாஸ் வேகஸில் எஃப்பிஐ அலுவலகத் தலைவராக இருந்த எலன் நோல்டனும் மியூசியத்தின் நிர்வாகக் குழுவில் முன்னால் நின்றார். கேசினோவில் பணம் எண்ணும் அறையிலேயே, கணக்கில் ஏறுவதற்கு முன்பே கட்டுக்கட்டாக எடுத்துக் கும்பல்களுக்கு அனுப்பிய 'ஸ்கிம்' எப்படி நடந்தது என்பது எனக்கு அங்கே போன பிறகுதான் விளங்கியது. அப்புறம் அந்தச் சுவர். 1967இல் கராஜை இடித்தபோது ஒரு கனடா வியாபாரி செங்கற்களை வாங்கினார், கொஞ்ச காலம் ஒரு நைட் கிளப்பின் ஆண்கள் கழிவறையில் அவை சுவராக இருந்தன. அங்கே கிடப்பதைவிட இங்கே இருப்பது எவ்வளவோ மேல் இல்லையா?

தெற்குவாசல்: கழிவறையிலா! இது எனக்குத் தெரியாது. சரி, சுவர் இருக்கட்டும். ஆனால் செத்த ஏழு பேரில் ஒருவர் மெக்கானிக், வண்டி பழுதுபார்க்க வந்த மனுஷன். அந்தக் கொலைகளுக்காக யாருக்கும் தண்டனை கிடைக்கவில்லை. சுவரைப் பார்ப்பவர் கண்ணில் முதலில் படவேண்டியது இதுதான், சிவப்புச் சாயம் இல்லை.

கீரன்77: அதை மியூசியத்துக்கே எழுதுங்கள் அண்ணா, நானும் சேர்ந்து கையெழுத்துப் போடுகிறேன். சுவரை எடுக்கச் சொன்னால் மட்டும் போடமாட்டேன்.